ஒருமுறை இளகிய பின்

மாலை வேளையில் இராமேசுவரம் புகைவண்டி நிலையத்தில் சற்று நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். சென்னை வண்டி புறப்படுமுன், பயணிகளின் பைகளுக்கும் மூட்டைகளுக்கும் இடையே வெண்ணிறத் தெர்மாகோல் பெட்டிகள் சில எப்படியும் இருக்கும். பழுப்பு நாடா சுற்றப்பட்டு, மூடியின்மேல் ஒரு பெயர் எழுதப்பட்டு, இருக்கையின் அடியில் தள்ளப்பட்டிருக்கும். ஒன்றில் சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குச் சீலாத் துண்டுகள். மற்றொன்றில் மணமாகிச் சென்ற மகளுக்கு நண்டு. இன்னொன்றில் விடுதியில் தங்கிப் படிக்கும் பேரனுக்கு இறால். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள்தான் புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்திலும் நம் கடலோரத்துத் தாய்மார் ஓய்ந்துவிடவில்லை. பெட்டிகள் சாலைப் பாலத்தின் வழியே அக்கரை சென்று அங்கே வண்டி ஏறின.

அப்பெட்டிகளைப் பற்றி இம்மாதம் சில செய்திகள் சொல்ல விரும்புகிறோம். இது மறையுரைக்குரிய பொருள் அன்று. ஆனால் குடும்பங்களுக்கு உரிய பொருள். அதோடு நமது தவறு ஒன்றும் இதில் கலந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு அறிவுரை மட்டும் கூறுவது முறையாகாது.

நாம் பாம்பன் தீவில் பிறந்தவர். 1914-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதைப் பாலம் ஒன்றே அந்நாளில் தீவைப் பெருநிலத்தோடு இணைத்தது. 1988 அக்டோபர் 2-ஆம் நாள் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, தீவின் மீன் புகைவண்டியில் ஏறியோ தோணியில் ஏறியோதான் அக்கரை சேரவேண்டும். நம் தந்தையார் ஒரு வியாபாரியிடம் மீன்பெட்டி கட்டும் வேலை பார்த்தார். பழைய தேயிலைப் பெட்டிகளே மீன்பெட்டிகள். உள்ளே பனையோலைப் பாயை விரித்து, அடியில் உடைத்த ஐஸைப் பரப்புவார். அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடியும் ஐஸ், மறுபடியும் மீன். மீனும் மீனும் ஒட்டிக் கிடக்க விடமாட்டார். ஒவ்வொரு மீனும் ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மேலே மரத்தூள், அதன்மேல் நனைத்த சாக்கு, பிறகு கயிறு. ஐஸ்கட்டியை மரச்சுத்தியால் உடைப்பது சிறுவனாகிய நமது வேலை.

பெட்டிகள் நிலைய மேடையில் வரிசையாகக் காத்திருக்கும். அடியிலிருந்து நீர் ஒழுகி ஓடும். ஒருநாள் நாம் கேட்டோம்: “அப்பா, ஐஸ் எல்லாம் உருகி ஒழுகுதே, வீணாப் போகுதே?” தந்தையார் சிரித்தார். “உருகட்டும்டா. உருகுற ஐஸ்தான் வேலை செய்யுது” என்றார்.

எழுத்தறிவு குறைந்த அவர் சொன்னது முழு உண்மை என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி நீராகும்போது அது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பம் பெரிது. அதே வெப்பம் ஒரு கிலோ நீரைப் பூஜ்ய டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வெப்பத்தை அடக்கவும் ஐஸ் வேண்டுமல்லவா? ஆகவேதான் நம் நாட்டு வெயிலில் மீனுக்குச் சரி எடை ஐஸ் என்று வழக்கம் ஏற்பட்டது. உருகிய நீரும் வீணன்று. அது மீன்மேல் வழிந்து, கசடையும் கிருமியையும் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது.

மரத்தூள் வைக்கும் வழக்கத்துக்கும் பெரிய வரலாறு உண்டு. 1833-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிப்பாளத்தை வெட்டி விற்றுவந்த பிரெடரிக் டியூடர் என்பவர் அனுப்பிய சரக்கு அது. இயந்திரக் குளிரூட்டல் இல்லாத அக்காலத்தில், பூமத்திய ரேகையை இருமுறை கடந்து நான்கு மாதம் பயணம் செய்தும் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. நெருக்கி அடுக்கியதும், சுற்றிலும் காற்று புகாமல் மரத்தூளும் வைக்கோலும் திணித்ததுமே அதன் மருமம். சென்னைக்கு அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டப்பட்ட ‘ஐஸ் ஹவுஸ்’தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பாம்பன் மேடையில் மரத்தூள் தூவிய நம் தந்தையார் இவ்வரலாற்றை அறியார். ஆனால் அதே கலையை அறிந்திருந்தார்.

கலை இருந்தும் காலம் எப்போதும் உதவுவதில்லை. கடற்காற்று மிகுந்தால் வண்டி பாலத்தில் ஏறாது. பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்காகத் திறந்திருந்தால் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்த ஒவ்வொரு மணியும் மதுரையில் விலையாகக் குறையும். “மீன் இளைத்துவிட்டது” என்று ஒரு வரி எழுதிவரும். கடலில் இரவெல்லாம் வலை இழுத்தவருக்குப் பாதிப் பணமே கிடைக்கும். தந்தையாரின் தமக்கையாகிய நம் அத்தை, பனையோலைக் கூடையில் மீன் சுமந்து வீடுவீடாக விற்றவர். அவருக்கு ஐஸும் இல்லை, பெட்டியும் இல்லை. காலையில் விலையை அத்தை சொல்லுவார். உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு வாங்குகிறவர் சொல்லுவார். கடற்கரையில் குளிர் என்பது சுவைக்கான பொருள் மட்டுமன்று. பேரம் பேச ஒருவனுக்குக் கிடைக்கும் அவகாசமே அதுதான்.

இவ்வளவும் பார்த்து வளர்ந்த நாம் செய்த பிழையை இனிச் சொல்லுகிறோம்.

2018-ஆம் ஆண்டு மே மாதம். திருச்சியில் வாழும் நம் தங்கையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் முறைக்குக் கடற்கரையிலிருந்து ஏதேனும் அனுப்பாவிட்டால் எப்படி? அதுவோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நின்றன; நல்ல இறால் கிடைப்பது அரிது. நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் உறையவைத்த இறால் வாங்கித் தந்தார். செங்கல் போன்ற, இரண்டிரண்டு கிலோக் கட்டிகள் ஐந்து. ஒரு தெர்மாகோல் பெட்டியை எடுத்தோம். கட்டிகளை வைத்தோம். தந்தையாரை நினைத்துக்கொண்டு மேலே உடைத்த ஐஸைப் பரப்பினோம். பெட்டியில் பாதி காலியாகவே இருந்தது. மூடி, நாடா ஒட்டி, ஊருக்குச் செல்லும் ஒரு தம்பியிடம் காலைப் பேருந்தில் கொடுத்தனுப்பினோம். வழியில் பேருந்து பழுதாகி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. பெட்டி சாமான் அறையில் இருந்தது.

இரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணே, எறா எல்லாம் இளகிக் கெடக்கு. தண்ணியா வடியுது. என்ன செய்யட்டும்?”

நாம் ஒரு நொடியும் தயங்கவில்லை. “ப்ரீசரில் வை. காலையில் மறுபடியும் கல்லாகிவிடும்” என்றோம்.

அவ்வாறே ஆயிற்று, காலையில் கல்லாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் அதைச் சமைத்துப் பரிமாறினார்கள். மசாலாவின் மணத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அன்றிரவே ஒன்பது பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. இளைஞர்கள் மறுநாள் எழுந்துவிட்டார்கள். எழுபது வயதைக் கடந்திருந்த அத்தையை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. உடலில் நீர் வற்றி, நாடி தளர்ந்து, முதல் இரவு மருத்துவர்களே உறுதி கூறவில்லை. நாம் திருச்சிக்கு விரைந்தோம். நான்கு நாள் அவர் கட்டிலருகில் இருந்தோம்.

ஊர் திரும்பிய பின், மீன்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி, எங்கே தவறினோம் என்று கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். கேட்கக் கேட்க நமக்கு வெட்கமாயிருந்தது.

தந்தையார் காத்தது குளிர்ந்த மீன். நாம் அனுப்பியது உறைந்த இறால். இரண்டும் வேறு வேறு. குளிர்ந்த மீனுக்குரிய இடம் பூஜ்ய டிகிரி. உருகும் ஐஸ் அதை அங்கேயே நிறுத்தி வைக்கும். உறைந்த பொருளுக்குரிய இடமோ பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. மீனின் தசையில் உள்ள நீர் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆக, உருகுகின்ற ஐஸே உறைந்த இறாலைவிடச் சூடான பொருள்! அதை மேலே கொட்டிய நாம், குளிர்காத்ததாக எண்ணிக்கொண்டு இறாலை இளகவைக்கத் துணைசெய்திருக்கிறோம். குல்பி விற்கிறவர் இதை அறிவார். அவர் ஐஸோடு உப்பைக் கலக்கிறார். தக்க அளவில் உப்புக் கலந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியை எட்டும். குருமடத்தில் பல ஆண்டுகள் கற்ற நமக்குத் தெரியாதது, தள்ளுவண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது தவறு மேலும் பெரிது. குளிர் கிருமியைக் கொல்லுவதில்லை, உறங்க வைக்கிறது. இளகிய இறாலில் அவை விழித்தெழுந்து, வெப்பத்தில் பல மடங்கு பெருகுகின்றன. மீண்டும் உறையவைத்தால் பெருகிய கூட்டம் முழுவதும் மறுபடி உறங்குகிறதே அன்றி ஒழிவதில்லை. சமைக்கும்போது அவை மடியலாம். ஆனால் அவற்றுட் சில விட்டுச்சென்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சூரை, கும்பளா, சாளை முதலிய மீன்கள் குளிர் இழந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அதுவும் அத்தகையதே, சமையலும் உறைதலும் அதனைத் தொடமாட்டா.

இறாலின் உடலுக்கும் கேடு உண்டு. தொழிற்சாலையில் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரிக் குளிரில் தட்டுகளுக்கிடையே வைத்து விரைவாக உறையவைக்கிறார்கள். அப்போது உள்ளிருக்கும் நீர் மிக நுண்ணிய பனித்துகள்களாகிறது. வீட்டுக் குளிர்ப்பெட்டியோ மெதுவாக உறையவைப்பது. துகள்கள் பெரிதாக வளர்ந்து தசையின் நுண்ணறைகளைக் கிழிக்கின்றன. அடுத்தமுறை இளகும்போது சாறெல்லாம் வடிந்து சக்கையே மிஞ்சும். மறுபடியும் கல்லானது என்று நாம் மகிழ்ந்த அந்தக் கட்டி, வெளித்தோற்றத்தில் மட்டுமே பழைய கட்டி.

நம் கரையிலிருந்து வெளிநாடு செல்லும் இறாலுக்கு இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பதும் அப்போது விளங்கியது. குளிர்பதனக் கொள்கலன் ஏறும்போதும் இறங்கும்போதும் வெப்பநிலை குறித்து வைக்கப்படுகிறது. ஆனாலும் அவ்வண்டி பொருளை உறையவைக்கும் வண்டி அன்று; உறைந்து வந்ததை அப்படியே காக்கும் வண்டி. இளகியதை ஏற்றினால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. சுவரை ஒட்டி அடைத்துக் காற்றோட்டத்தை மறித்தாலும், கதவை நெடுநேரம் திறந்து வைத்தாலும் அது தோற்றுப்போகும். 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் தூய்மைக் குறைபாட்டைக் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தபோது, பிழையற்ற படகுகளும் சேர்ந்தே துன்புற்றன. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் அறுந்தது போலத்தான்.

இனிப் பெட்டி கட்டும் குடும்பங்களுக்கு நண்பர் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

ஓரிரவுப் பயணமாயின் உறைந்ததைவிட அன்று பிடித்த மீனே மேல். குடல் நீக்கிக் கழுவி, நீர் புகாத உறைகளில் இட்டு, சரி எடை உடைத்த ஐஸை அடியிலும் நடுவிலும் மேலும் இடுக. உருகும் நீரில் மீன் மிதவாதபடி அடியில் இரண்டு மரச்சட்டங்கள் வைப்பது நன்று.

உறைந்ததைத்தான் அனுப்ப வேண்டுமாயின், அது கல்லாக இருக்கும்போதே, புறப்படும் கடைசி நேரத்தில் பெட்டியில் இடுக. பொருளுக்கு ஏற்ற அளவுப் பெட்டியாக இருக்கட்டும். இடைவெளியைச் செய்தித்தாளால் நெருக்கி அடையுங்கள். வெறும் ஐஸ் வேண்டா. ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உப்புக் கரைத்து, புட்டியில் சற்று இடம் விட்டு ஊற்றி, இரண்டு நாள் முன்பாகவே ப்ரீசரில் வையுங்கள். அந்த உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழே ஆறேழு டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால், தான் உருகி முடியும் வரை இறாலை இளகவிடாது. உலர்பனி கிடைத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அது ஆவியாகிக்கொண்டே இருப்பது. காற்று போக வழியில்லாத பெட்டியிலோ மூடிய வாகனத்திலோ அதை வைப்பது ஆபத்து. தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றே. சுவர் தடித்திருந்தால்தான் பயன், விரிசல் இருந்தால் பயனில்லை. மூடியின் விளிம்பு முழுவதும் நாடா ஒட்டி, பழைய போர்வை ஒன்றைச் சுற்றுங்கள். வழியில் யாரும் திறந்து பார்க்க வேண்டா.

பெறுகிறவர்களுக்கும் ஒரு சொல். நடுவில் இன்னும் பனித்துகளும் கடினமும் இருக்குமாயின் பொருள் தப்பியது. அன்றே சமைத்துவிடுவது உத்தமம். இளகியிருந்தும் குளிர்ப்பெட்டிக் குளிர் மாறாதிருந்தாலும் உடனே சமையுங்கள். குளிர் போய் வெதுவெதுப்பாகிவிட்டதாயின் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்துத் தீர்ப்பு வழங்காதீர்கள். நஞ்சுக்கு வாடை இருந்தே ஆக வேண்டுமென்பதில்லை.

கொட்டுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். அதை நமக்குக் கற்பித்தவர் அத்தையே. மருத்துவமனையில் மூன்றாம் நாள் கண் தெளிந்து பேசினார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: “வாடை தெரிஞ்சுச்சு, சாமி. முப்பது வருசம் மீன் வித்தவளுக்குத் தெரியாமப் போகுமா? நீ அனுப்புனதுன்னு சொன்னாக. வாயில போட்டுட்டேன்.”

பிறகு சற்றே சிரித்து, “கல்லாப் போனா நல்லதாப் போச்சுன்னு நெனச்சியாக்கும்?” என்றார்.

அவர் இப்போது இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் முதுமையால் அமைதியாகச் சென்றார். ஆனால் அச்சொல் நம்மைவிட்டு நீங்கவில்லை. மீனின் செவுளைத் திறந்து பார்த்தே ஊரும் நேரமும் சொல்லக்கூடிய ஒருவர், தம் மூக்கை நம்பாமல் நம் பெயரை நம்பினார். தங்கையும் அப்படியே. தெரியாது என்று நாம் சொல்லியிருக்கலாம்; தெரிந்தவரைக் கேள் என்றாவது சொல்லியிருக்கலாம். கேட்டவுடன் விடை சொல்லிப் பழகிவிட்ட நாவுக்கு அது தோன்றவில்லை.

அன்பு கலந்து அனுப்பிய பொருளைப் பெற்றவர்கள் கொட்டத் துணியமாட்டார்கள். அம்மா அனுப்பியது, அண்ணன் அனுப்பியது, சாமியார் அனுப்பியது என்று உண்டுவிடுவார்கள். ஆகையால் கொட்டுவதற்கான அனுமதியையும் அனுப்புகிறவரே பெட்டியோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

இதை ஞாயிறன்று பங்கு மக்களிடம் ஒருமுறை சொன்னோம். சில வாரங்கள் சென்று, சென்னைக்குப் போகும் வண்டியில் ஒரு பெட்டியைக் கண்டோம். நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனுக்குக் கட்டியது. மூடியில் பெயருக்குக் கீழே, கோணல் எழுத்தில், பெரிதாக எழுதியிருந்தார்: “இளகி இருந்தா கொட்டிரு. அடுத்த வாரம் அனுப்புறேன். அம்மா.”